அமெரிக்க அதிபர் லிங்கனைப் பற்றி ஸ்பீல்பெர்க் 'லிங்கன்' படம் எடுத்தபோது அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் யாராவது உண்டா?

ரிச்மண்ட்வாசி:
2011 கடைசி. அப்போது வர்ஜீனியாவில், ரிச்மண்டில் வேலை. ஸ்பீல்பெர்க் படப்பிடிப்பு நடப்பது ஊருக்கே தெரியும். லிங்கனாக நடித்த டேனியல் டே-லூயிஸை நான் பார்க்கவில்லை, அதனால் அந்தக் கதையை எதிர்பார்க்காதீர்கள்.

ஒருநாள் மதியம் கேபிடல் சதுக்கத்தில் தடுப்புக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே, உள்நாட்டுப் போர்க்கால வடக்குப் படையின் நீலச் சீருடையில் ஒரு கறுப்பினத்தவர். துணை நடிகர், ஐம்பது வயது இருக்கும். கையில் காகிதக் கோப்பையில் காபி. அதைக் குடிக்காமல் மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தின் தூண்களையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் இருக்கும். அந்தக் கட்டடம் எது தெரியுமா? அடிமை முறைக்காகச் சண்டை போட்ட தென் மாநிலக் கூட்டமைப்பின் நாடாளுமன்றம் கூடிய இடம். தெற்குப் படைத் தளபதி ஜெனரல் லீயின் வெண்கலச் சிலை அப்போது உள்ளேதான் நின்றது, 2020இல்தான் எடுத்தார்கள். அதே கட்டடத்தைத்தான் படத்தில் லிங்கனின் வாஷிங்டனாக வேஷம் கட்டவைத்தார்கள்.

தடுப்புக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர், நாலடி தூரம். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இன்னமும் உறுத்துகிறது.

தாடிக்காரன்:
அண்ணா, நானும் அதே ஊர்தான், அதே வருஷம். துணை நடிகர்கள் தேவை, தாடி இருந்தால் நல்லது என்று காதில் விழுந்தது. இரண்டு மாதம் வளர்த்தேன். மனைவி பக்கத்தில் வரவில்லை. ஆள் எடுக்கிற இடத்தில் ஓர் அம்மா என் தாடியை இரண்டு விரலால் நீவிப் பார்த்து, "அருமையான தாடி" என்றார். அப்புறம் முகத்தைப் பார்த்தார். "1865இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் உங்களை எங்கே உட்கார வைப்பது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த இரண்டு விரல் மறக்கவில்லை.

ஹார்ட்ஃபோர்டு அக்கா:
சரித்திரத்தில் அவ்வளவு கறாராக இருந்தவர்கள் எங்கள் கனெக்டிகட்டை மட்டும் ஏன் கைவிட்டார்களாம்? அடிமை முறையை ஒழித்த 13ஆவது அரசியல் சட்டத் திருத்தத்துக்கு வாக்கெடுக்கும் காட்சி நினைவிருக்கும். கனெக்டிகட்காரர்கள் இரண்டு பேர் எதிர்த்து வாக்களிப்பார்கள். தியேட்டரில் எனக்கு முன்வரிசைப் பெரியவர் "பொய்!" என்று கத்திவிட்டார். பாப்கார்ன் தின்றுகொண்டிருந்த என் மகன் அப்படியே நிறுத்திவிட்டான். வீட்டுக்கு வந்து தேடினால் பெரியவர் சொன்னதுதான் சரி. எங்கள் மாநில உறுப்பினர்கள் நான்கு பேருமே ஆதரித்துத்தான் வாக்களித்திருக்கிறார்கள். 2013 பிப்ரவரியில் எங்கள் மாநில எம்.பி. ஜோ கோர்ட்னி இதைக் கேட்டு ஸ்பீல்பெர்க்குக்குக் கடிதமே எழுதினார். திரைக்கதை எழுதிய டோனி குஷ்னர் மாற்றியதை ஒப்புக்கொண்டார். மயிரிழையில் வென்றதைப் பார்ப்பவர்களுக்குப் புரியவைக்கத்தான் என்றார். 119க்கு 56. மூன்றில் இரண்டு பங்குக்கு 117 வேண்டும். உண்மையே அவ்வளவு நெருக்கம், அதில் பொய் எதற்கு?

ஒலிக்கிறுக்கன்:
அக்கா, கோபம் புரிகிறது, ஆனால் ஒரு வரியை வைத்து மொத்தப் படத்தையும் எடை போடாதீர்கள். அதே படத்தில் லிங்கனின் சட்டைப்பைக் கடிகாரத்தின் டிக்டிக், நிஜமாகவே அவர் வைத்திருந்த கடிகாரத்தினுடையது. கென்டக்கி வரலாற்றுச் சங்கத்தில் இருக்கிறது, படத்தின் ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட்டின் குழு அதைப் பதிவு செய்து வந்தது. மச்சான் வீடு லூயிவில்லில். அங்கே போனபோது அந்தச் சங்கம் இருக்கும் ஃபிராங்ஃபர்ட் வரை வண்டி ஓட்டிப் போய், கண்ணாடிப் பெட்டியில் காதை வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. காவலர் வந்து தோளைத் தட்டினார். அவ்வளவுதான் என் கதை.

சொல்ல வந்தது வேறு. சென்னையில் பதினைந்து வருஷமாக ஒலித்தொகுப்பு செய்கிறேன். தலைவர் படம் எடுக்க ஆசைப்படும் தம்பிகளே, முதலில் குரலை யோசியுங்கள். நமக்குத் தலைவர் என்றாலே வெண்கலக் குரல் வேண்டும். லிங்கன் குரல் கீச்சென்று மெல்லியதாக இருந்தது என்றுதான் நேரில் கேட்டவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். டே-லூயிஸ் அதையே பிடித்தார். நம்மூரில் முதல் நாள் டப்பிங்கிலேயே தயாரிப்பாளர் "சார், கம்பீரம் பத்தலை" என்பார். இரண்டாவது, பிறப்பிலிருந்து இறப்பு வரை எடுக்காதீர்கள். குஷ்னர் முதலில் எழுதியதே ஐந்நூறு பக்கமாம். வெட்டி வெட்டித்தான் ஜனவரி 1865ஐச் சுற்றிய சில வாரங்களுக்கு வந்தார்கள். ஆறரைக் கோடி டாலர் படத்தில் சண்டை என்று தொடக்கத்தில் சேற்றில் கொஞ்ச நேரம், அவ்வளவுதான். மிச்சமெல்லாம் அறைக்குள் பேச்சு, பதவி ஆசை காட்டி வாக்கு பிடிப்பது. உலகம் முழுக்க வசூல் ஏறத்தாழ 27.5 கோடி டாலர். மூன்றாவது, பின்னணி இசையைக் குறையுங்கள். நான்காவது...

ரிச்மண்ட்வாசி:
சார், நான்காவதற்குத் தனி இழை தொடங்கிவிடுங்கள். யாரும் ஆலோசனை கேட்கவில்லை :)
தாடிக்காரன் தம்பி, அந்த அம்மா சொன்னது பாதிதான் சரி. உறுப்பினர் இருக்கையில் வெள்ளையர் மட்டும்தான், கறுப்பின உறுப்பினர்கள் 1870இல்தான் வந்தார்கள். ஆனால் வாக்கெடுப்பு அன்று பார்வையாளர் மாடத்தில் கறுப்பின மக்கள் இருந்தார்கள். அடிமை ஒழிப்புக்குப் போராடிய ஃபிரெடரிக் டக்ளஸின் மகன் சார்லஸே அங்கிருந்து பார்த்துவிட்டு அப்பாவுக்குக் கடிதம் எழுதினார். உங்களை மேலே உட்கார வைத்திருக்கலாம்.

தாடிக்காரன்:
மாடத்தில் கறுப்பின மக்கள் இருந்தார்கள் அண்ணா, சரி. மன்னார்குடிக்காரன் இருந்தானா?

ஹார்ட்ஃபோர்டு அக்கா:
கனெக்டிகட் விஷயத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.