நீடாமங்கலம் கேட்டைத் தாண்டியதும் இன்ஜினில் இடிப்புச் சத்தம்: 95 போதவில்லை என்றால் 100 ஆக்டேனுக்குப் போக வேண்டுமா?

மன்னை பயணி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2014இல் வாங்கிய, 1.2 லிட்டர் இன்ஜின் கொண்ட, டர்போ இல்லாத பெட்ரோல் கார். இதுவரை 86,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மன்னார்குடியிலிருந்து நீடாமங்கலம், வலங்கைமான் வழியாகக் கும்பகோணத்துக்கு வேலைக்குச் சென்று வருகிறேன்; உடன் பணிபுரியும் மூவர் தினமும் என்னோடு வருகிறார்கள்.

பொங்கல் கழிந்ததிலிருந்து ஒரு சிக்கல். மாலையில் திரும்பும்போது நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் கால் மணி நேரம் ஏசியைப் போட்டுக்கொண்டு நின்றுவிட்டுப் புறப்பட்டால், இரண்டாவது, மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தும்போது, தகர டப்பாவுக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியதைப் போன்ற சத்தம் இன்ஜினிலிருந்து வருகிறது. ஆற்றுப் பாலங்களில் ஏறும்போதும் அதே சத்தம் கேட்கிறது. காலையில் போகும்போது அநேகமாகக் கேட்பதில்லை.

வழக்கமாக நிரப்பும் பங்கில் கேட்டபோது, அங்கிருந்த ஊழியர், "இப்போது வரும் எத்தனால் பெட்ரோலால்தான் இப்படி ஆகிறது, பிரீமியம் 95 போடுங்கள்" என்றார். அவ்வாறே மூன்று முறை டேங்கை முழுவதும் நிரப்பி ஓட்டிப் பார்த்துவிட்டேன். லிட்டருக்குச் சில ரூபாய் கூடுதலாகச் செலவானதைத் தவிர வேறு மாற்றம் எதுவும் இல்லை. இப்போது 100 ஆக்டேன் பெட்ரோல் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். முன்பு லிட்டருக்கு 17 கிலோமீட்டர் கொடுத்த கார் இப்போது 15தான் கொடுக்கிறது. எந்த ஆக்டேன் என் காருக்குச் சரியானது என்பதை விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சிங்கப்பூர் வாசி:

இங்கே பங்குகளில் 92, 95, 98 என்று மூன்று வகை கிடைக்கும். நான் எப்போதும் 98தான் போடுகிறேன். இன்ஜின் பட்டுப்போல ஓடுகிறது. எண் எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவு சுத்தமான எரிபொருள் என்பது என் அனுபவம். ஒரு முறை 100 போட்டுத்தான் பாருங்களேன்.

குடந்தை பணிமனை:

சிங்கப்பூர் நண்பர் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆக்டேன் எண்ணுக்கும் சுத்தத்துக்கும் தொடர்பு இல்லை. வலுவுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் கலந்து அழுத்தப்படும்போது, அந்தக் கலவை தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கும் என்பதை மட்டுமே அந்த எண் சொல்கிறது. ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ பரவி வருவதற்குள், மூலையில் மீதமிருக்கும் கலவை வெப்பமும் அழுத்தமும் தாளாமல் தானாக வெடித்தால், அந்த அதிர்வுதான் நீங்கள் கேட்கும் கூழாங்கல் சத்தம். 92 போதும் என்று வடிவமைக்கப்பட்ட இன்ஜினில் 98ஐ ஊற்றினால், பயன்படாத தாக்குப்பிடிக்கும் திறனுக்குப் பணம் கொடுத்ததாகத்தான் ஆகும்.

எங்கள் பக்கத்து வயல்களில் முன்பு பெட்ரோலில் துவக்கி மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் பம்புசெட்டுகள் இருந்தன. மண்ணெண்ணெயின் ஆக்டேன் மிகவும் குறைவு. இருந்தும் அவை ஓடியதற்குக் காரணம், அந்த இன்ஜின்களின் கம்ப்ரஷன் ரேஷியோ, அதாவது அமுக்க விகிதம், அதற்கேற்பத் தாழ்வாக வைக்கப்பட்டிருந்ததுதான். இன்றைய கார்களில் அந்த விகிதம் பத்து, பதினொன்று என்று இருப்பதால் அதே மண்ணெண்ணெய் பத்து லிட்டருக்கு ஒரு லிட்டர் கலந்திருந்தாலும் இன்ஜின் முனகத் தொடங்கிவிடும். எனவே எரிபொருளை இன்ஜின்தான் தீர்மானிக்க வேண்டும். பங்கில் நிற்பவரோ பக்கத்து வீட்டுக்காரரோ அல்ல. ஐயா, உங்கள் காரின் கையேட்டிலும் பெட்ரோல் மூடியின் உட்புறத்திலும் என்ன எண் அச்சிடப்பட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

மன்னை பயணி:

கையேட்டில் "குறைந்தபட்சம் 91 ரான், எத்தனால் 10 விழுக்காடு வரை" என்று இருக்கிறது. மூடியில் "ஈயமற்ற பெட்ரோல் மட்டும்" என்பதைத் தவிர வேறு எதுவும் இல்லை. அமெரிக்காவில் இருக்கும் என் மைத்துனர் அங்கே 87தான் போடுவதாகச் சொல்கிறார். அப்படியானால் நம் ஊர் 91 அதைவிட உயர்ந்ததா?

கரந்தை வேதியியல்:

முதலில் 87 பற்றி. ஆக்டேனை அளக்க இரண்டு முறைகள் உண்டு. ஒற்றைச் சிலிண்டர் கொண்ட சோதனை இன்ஜினை நிமிடத்துக்கு 600 சுற்று வேகத்தில் ஓட்டி அளப்பது ரான். 900 சுற்றில், இன்னும் கடுமையான நிலையில் அளப்பது மான். ஐசோ ஆக்டேனுக்கு 100, நார்மல் ஹெப்டேனுக்கு 0 என்று வைத்துக்கொண்டு, நம் பெட்ரோல் இவ்விரண்டின் எந்தக் கலவைக்கு நிகராக நடந்துகொள்கிறது என்று பார்க்கிறார்கள். இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் எழுதப்படுவது ரான். அமெரிக்கப் பங்குகளில் எழுதப்படுவது இரண்டின் சராசரி. ஆகையால் அங்குள்ள 87, இங்குள்ள 91க்கு ஏறத்தாழ நிகரானது. மைத்துனர் மட்டமான பெட்ரோல் போடவில்லை.

அடுத்ததுதான் உங்கள் கேள்விக்கு முக்கியமானது. எத்தனாலால் இடிப்பு வருகிறது என்று பங்க் ஊழியர் சொன்னது தலைகீழான விளக்கம். எத்தனாலின் ரான் ஏறத்தாழ 108. பெட்ரோலோடு 20 விழுக்காடு எத்தனால் சேரும்போது கலவையின் ஆக்டேன் உயர்கிறதே தவிரக் குறைவதில்லை. முன்பு 88ஆக இருந்து, பிஎஸ் 6 என்னும் வாகனப் புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்காக 91ஆக உயர்ந்த சாதாரணப் பெட்ரோல், 20 விழுக்காடு எத்தனால் கலப்பால் இப்போது 95ஐ எட்டியிருப்பதாகப் பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் விளக்கம் அளித்தது. அதாவது பிரீமியம் என்று நீங்கள் கூடுதல் விலை கொடுத்து வாங்கிய 95, ஆக்டேன் அளவில், பக்கத்துக் குழாயில் வந்த சாதாரணப் பெட்ரோலிலேயே இருந்தது. மூன்று டேங்க் போட்டும் மாற்றம் தெரியாததில் வியப்பு எதுவும் இல்லை. பிரீமியத்தில் சேர்க்கப்படும் சுத்திகரிப்பு ரசாயனங்களுக்கு வேறு பயன் இருக்கலாம். அது வேறு விஷயம்.

மைலேஜ் குறைவில் ஒரு பகுதிக்கு மட்டும் எத்தனாலைக் குறை சொல்லலாம். ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள வெப்ப ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 10 விழுக்காட்டுக்கு ஏற்பச் சரிசெய்யப்பட்ட பழைய கார்களில் 20 விழுக்காட்டுக் கலவையால் 6 முதல் 7 விழுக்காடு வரை மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிட்டது. அந்தக் கணக்குப்படி 17 என்பது 16 அளவுக்கு இறங்க வேண்டும். உங்களுக்கு 15ஆக இறங்கியிருக்கிறது. அந்த மீதி ஒரு கிலோமீட்டர் எங்கே போனது என்பதுதான் என் கேள்வி.

குடந்தை பணிமனை:

அந்த ஒரு கிலோமீட்டர் இடிப்போடுதான் போயிருக்கும். இன்ஜினில் உள்ள நாக் சென்சார் இடிப்பை உணர்ந்ததும், பிளக் பற்றவைக்கும் நேரத்தைக் கணினி சற்றுத் தாமதப்படுத்தும். இடிப்பு அடங்கும், கூடவே இழுவையும் மைலேஜும் குறையும். அதையும் மீறிச் சத்தம் காதில் விழுகிறது என்றால், உங்கள் இன்ஜின் 91 கேட்பதற்கு மாறாக இப்போது 95க்கும் மேலாகக் கேட்கும் நிலைக்கு வந்திருக்கிறது என்று பொருள். பெட்ரோலை மாற்றுவதைவிட, இன்ஜினின் தேவை ஏன் உயர்ந்தது என்று தேடுவதே முறை.

தேவையை உயர்த்துபவை பல. சிலிண்டர் தலையில் கார்பன் படிந்தால் அமுக்க விகிதம் கூடும். தவறான வெப்பத் தரத்தில் உள்ள பிளக் செந்தணலாக நின்றுவிடும். மைலேஜுக்காக 35 கிலோமீட்டர் வேகத்தில் நான்காவது கியரில் போட்டு அழுத்தினால் எந்த நல்ல இன்ஜினும் இடிக்கும். ஆனால் நீங்கள் கொடுத்த குறிப்புகளில் என் கவனத்தை இழுப்பது ஒன்றே: காலையில் இல்லை, கேட்டில் நின்ற பிறகு இருக்கிறது. கார்பன் காலை, மாலை பார்ப்பதில்லை. கலப்படப் பெட்ரோலும் அப்படித்தான். மாலையில் மட்டும் வருவது வெப்பம்.

திருவாரூர் வாசகி:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். வெப்பம்தான் காரணம் என்றால் வெப்பநிலை முள் உயர்ந்திருக்க வேண்டும் அல்லவா? மேலும், மழைக்காலத்தில் பங்கின் நிலத்தடித் தொட்டியில் தண்ணீர் இறங்கினால் எத்தனால் பிரிந்துவிடும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அது காரணமாக இருக்க முடியாதா?

கரந்தை வேதியியல்:

நல்ல கேள்வி, அம்மா. அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனால் அதனோடு சேர்ந்து அடியில் தனி அடுக்காக இறங்கிவிடும். மேலே நிற்கும் பெட்ரோல் எத்தனாலை இழப்பதால் அதன் ஆக்டேனும் குறையும். ஆனால் அப்படிப்பட்ட பெட்ரோல் வந்திருந்தால் கார் காலையில் துவங்கவே திணறியிருக்கும். அந்தப் பங்கில் நிரப்பிய மற்ற வண்டிகளும் நின்றிருக்கும். ஐயம் இருந்தால் பங்கில் அடர்த்திச் சோதனையையும் வடிதாள் சோதனையையும் கேட்டுப் பார்க்கும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் அவற்றால் ஆக்டேனை நேரடியாக அளக்க முடியாது.

குடந்தை பணிமனை:

முள்ளைப் பற்றி நான் சொல்கிறேன். பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் பதறக் கூடாது என்பதற்காக, குளிர்விக்கும் நீர் 80 பாகையிலிருந்து 100 பாகையைத் தாண்டும் வரை முள் நடுவிலேயே நிற்குமாறு அமைத்திருப்பார்கள். முள் நகரத் தொடங்கும்போது நிலைமை ஏற்கெனவே முற்றியிருக்கும். உண்மையான அளவு வேண்டுமென்றால், ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் பொருத்தும் சிறிய ஓபிடி கருவியைக் கைப்பேசியோடு இணைத்துப் பார்க்க வேண்டும்.

மன்னை பயணி ஐயா, ஒன்று கேட்கிறேன். சம்பா அறுவடை நேரத்தில், நெல்லும் வைக்கோலும் காயும் சாலைகளின் மீது ஓட்டினீர்களா?

மன்னை பயணி:

தை மாதம் முழுவதும் அப்படித்தான் ஓட்டினேன். வலங்கைமானுக்கு இப்பாலும் அப்பாலும் சாலையில் பாதி வைக்கோல்தான். ஆனால் முன்பக்கச் சல்லடையைப் பார்த்தேன், சுத்தமாகத்தான் இருக்கிறது.

அலுவலக நண்பர் ஒருவரிடம் ஓபிடி கருவியை இரவல் வாங்கி இரண்டு நாள் பார்த்தேன். காலையில் நீரின் வெப்பம் 93 பாகை. மாலையில் கேட்டில் நிற்கும்போது 108 பாகை. உள்ளிழுக்கும் காற்று 63 பாகை. முள் மட்டும் நடுவிலிருந்து அசையவே இல்லை. ஏசியை நிறுத்திவிட்டு நின்ற அன்று 101ஐத் தாண்டவில்லை. சத்தமும் மிகக் குறைவாகவே இருந்தது.

குடந்தை பணிமனை:

விடை கிடைத்துவிட்டது. வெளியிலிருந்து தெரிவது ஏசி கண்டென்சரின் முகம் மட்டுமே. அதற்குப் பின்னால் ரேடியேட்டர் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே விரல் நுழையும் அளவுக்குத்தான் இடைவெளி. வைக்கோல் தூளும் பதரும் கண்டென்சரின் ஓரங்கள் வழியாக உள்ளே போய், அந்த இடுக்கில் கம்பளி போலப் படிந்துவிடும். ஓடும்போது வீசும் காற்று ஓரளவு சமாளிக்கும். நிற்கும்போது விசிறி இழுக்க வழியிருக்காது. ஒவ்வோர் ஆண்டும் மாசி, பங்குனியில் இப்படிப்பட்ட வண்டிகளைப் பார்க்கிறேன். பம்பரைக் கழற்றிக் கண்டென்சரைச் சற்று முன்னால் தள்ளச் சொல்லி, இடுக்கைச் சுத்தம் செய்யுங்கள். குளிர்விக்கும் நீரின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை கேட்டில் நிற்கும்போது இன்ஜினை நிறுத்திவிடுங்கள். பாலம் ஏறும்போது ஒரு கியர் குறைத்து ஏறுங்கள்.

மன்னை பயணி (ஒன்பது நாள் கழித்து):

பணி முடிந்தது. இடுக்கிலிருந்து இரண்டு கைப்பிடி அளவு வைக்கோல் தூளும் பதரும் பூச்சிச் சிறகுகளும் வந்தன. குளிர்விக்கும் நீரும் ஏறக்குறைய ஒரு லிட்டர் குறைவாக இருந்தது. முன்பு ஒரு பணிமனையில் வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றியிருந்தார்கள் போலும், நிறமே இல்லை. அதையும் மாற்றியாயிற்று. நேற்று மாலை கேட்டில் ஏசியோடு இருபது நிமிடம் நின்றும் 98 பாகையைத் தாண்டவில்லை. சத்தம் அறவே இல்லை. டேங்கில் இருப்பது சாதாரணப் பெட்ரோல். மைலேஜ் 16க்குச் சற்று மேலே வந்திருக்கிறது. பழைய 17ஐ இனி எதிர்பார்க்க வேண்டாம் என்பது வேதியியல் ஐயா போட்ட கணக்கிலேயே தெரிகிறது.

இன்னும் ஒரு கேள்வி. என் தம்பி புதிதாக வாங்கியிருக்கும் டர்போ காரின் மூடியில் "95 பரிந்துரைக்கப்படுகிறது, குறைந்தபட்சம் 91" என்று இருக்கிறது. அவனும் சாதாரணப் பெட்ரோலே போடலாமா?

குடந்தை பணிமனை:

டர்போ இன்ஜினில் காற்றை ஏற்கெனவே அமுக்கித்தான் உள்ளே அனுப்புகிறார்கள். அதனால் அதற்கு ஆக்டேன் தேவை உண்மையாகவே அதிகம். 91இல் கெட்டுப்போகாது, பரிந்துரைத்த 95 இருந்தால்தான் கணினி பற்றவைக்கும் நேரத்தைத் தாமதப்படுத்தாமல் முழு இழுவையைக் கொடுக்கும். உங்கள் பங்கின் குழாயில் 20 விழுக்காடு எத்தனால் என்று எழுதியிருந்தால் அந்த 95 அதிலேயே இருக்கிறது, தம்பி அதையே போடலாம். ஏற்காடு, கொடைக்கானல் என்று முழுச் சுமையோடு மலை ஏறும் நாளில் 97, 99 போன்றவை வழியில் கிடைத்தால் ஒரு டேங்க் போட்டு, வேறுபாடு தெரிகிறதா என்று அவரே பார்க்கட்டும். நம் சமவெளியில் ஓட்டுவதற்கு அது தேவையில்லை.

அடுத்த முறை நீங்களே ரேடியேட்டரைக் கழுவ நேர்ந்தால், கார் கழுவும் அழுத்தக் குழாயை நேராகப் பிடித்து அடிக்க வேண்டாம், ஐயா. அதன் மெல்லிய அலுமினியத் தகடுகள் மடங்கிவிடும். தோட்டத்துக் குழாயால், இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் விட்டால் போதும்.