நம்பர்த் துண்டும் நடுத்துண்டும்: வயது போனவர்களுக்குத்தான் சுயநலம் கூடவா?

உப்புவெளிவாசி:

போன மாதம் அம்மாவைப் பிரஷர் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். விடிய ஐந்து மணிக்கே அங்கே நின்றோம். கேற் திறக்கும்வரை வரிசையில் ஆட்கள் நிற்பதில்லை, கிளினிக் கொப்பிகள்தான் நிற்கும். சீமெந்துக் கட்டின் மேல் பொலித்தீன் பைக்குள் போட்ட கொப்பிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடந்தன. நடுவில் ஒருவருடைய செருப்பு, ஒருவருடைய வெற்றிலைப் பை, ஓர் அரைச் செங்கல். எங்களுடையது பதினெட்டாவது. எண்ணிப் பார்த்துத்தான் வைத்தேன்.

ஐந்தே முக்கால் போல ஓர் ஐயா வந்தார். எழுபது வயது இருக்கும். வெள்ளை வேட்டி, அயன் பண்ணிய சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. கோணேசர் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறாராக்கும் என்று நினைத்தேன். கட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒருதரம் நடந்து பார்த்தார். பிறகு குனிந்து, நாலாவது கொப்பியை மெல்லத் தள்ளி, அந்த இடைவெளியில் தன்னுடையதைச் செருகினார். பந்தியில் இருக்கிறவரைக் கொஞ்சம் அரக்கிவிட்டுத் தானும் உட்காருவதுபோல அவ்வளவு பக்குவம்.

"ஐயா, வரிசை பின்னுக்கு இருக்கு" என்றேன்.

"தம்பி, எனக்கு உன்ர அப்பாவின்ர வயசு."

அங்கே நின்றவர்களில் பாதிப்பேருக்கு என் அப்பாவின் வயதுதான். ஒருவரும் வாய் திறக்கவில்லை. துண்டு கொடுக்கும்போது அவருக்கு நாலு, அம்மாவுக்குப் பத்தொன்பது. என் அரைநாள் லீவு முழுநாள் லீவாகியது.

கொழும்பு இரவு ரயிலிலும் இதே கதைதான். என் ஜன்னல் சீற்றில் ஓர் அன்ரி இருந்துகொண்டு, "பிள்ளை, எனக்குக் காத்து வேணும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டா. டிக்கெட்டை நீட்டினேன். கண் திறந்தால்தானே!

இளசுகள்தான் சுயநலம், போனை விட்டால் ஒன்றும் தெரியாது என்று ஊரெல்லாம் பேச்சு. எனக்கென்றால் மறுவளமாகத்தான் படுகிறது. உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ரீச்சர்:

வாசிக்கச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. முதலில் கோபம்.

2022 இல் பெற்றோலுக்கு இரவிரவாக நின்றோமே, மறந்துவிட்டதா? என் ஸ்கூட்டிக்கு முன்னால் ஒரு பெடியன் தன் பைக்கை நிறுத்தினான். விடியும்போது அந்த ஒரு பைக்குக்கு முன்னால் இன்னும் மூன்று பைக். "மிஸ், அவங்களும் என்னோடதான் வந்தவங்கள்" என்றான். என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்தவன்! கியூஆர் கோட் காட்டி அளவாகப் பெற்றோல் அடிக்கும் முறை வந்த பிறகுதான் அந்தக் கூத்து அடங்கியது. ஆகவே வயதைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம்.

இனி எங்கள் ஆட்களின் கதை. எழுபதுகளின் நடுப்பகுதியில் மாவுக்கும் பாணுக்கும் பெரிய தட்டுப்பாடு. எனக்குப் பத்து வயது இருக்கும். நாலு மணிக்கு எழும்பி அண்ணாவோடு பேக்கரி வாசலில் போய் நிற்பேன். ஒருநாள் அண்ணா ஒரு கிழவியைத் தனக்கு முன்னால் விட்டான். கிழவியோடு பாண் முடிந்தது. வீட்டில் அம்மா ஒன்றும் சொல்லாமல் மரவள்ளிக்கிழங்கு அவித்தா. அப்பாதான், "நல்ல பிள்ளை என்ற பேரை இண்டைக்குக் கறியோட சாப்பிடு" என்று அவனைப் பார்த்துச் சொன்னார். அண்ணா அழவில்லை. அவனுக்கு இப்போது அறுபத்தைந்து தாண்டிவிட்டது. கல்யாண வீட்டுப் பந்தி என்றாலும் வங்கி என்றாலும் இரண்டு முழங்கையையும் விரித்துக்கொண்டுதான் நிற்பான். எனக்கு வெட்கமாக இருக்கும், ஆனால் ஏன் என்று தெரியும்.

அதற்காக அந்த ஐயாவை விட்டிருக்க மாட்டேன். கொப்பியைத் தூக்கிக் கடைசியில் வைத்திருப்பேன்.

கோட்டைவாசல்:

திருகோணமலை பஸ் ஸ்டாண்டில் நான் சோற்றுப் பார்சலைப் பிரிக்கமுதலே ஒரு மான் வந்து பாதியை இழுத்துக்கொண்டு போனது. வயதைக் கேட்க மறந்துபோனேன்.

கிண்ணியாக்காரன்:

எங்கள் கிண்ணியாப் பாலம் திறந்தது 2009 இல். அதற்குமுன் திருகோணமலைக்கு நேரே போவதென்றால் பாதையில், அதாவது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றும் மிதவையில், ஏறித்தான் அக்கரைக்குப் போக வேண்டும். பாதை கரையில் முட்டமுதலே மூத்தாப்பா ஒரு காலைத் தூக்கி வைத்துவிடுவார். மூத்தம்மா இரண்டு பையையும் என்னையும் இழுத்துக்கொண்டு பின்னால் வருவா. அவர் திரும்பிப் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

வீட்டிலும் அப்படித்தான். பாரை மீன் ஆணம் காய்ச்சினால் நடுத்துண்டு அவருடைய கோப்பைக்கு. அதைக் கேட்டு வாங்குவதும் இல்லை. அது அங்கே போய்த்தான் விழும். தலை வாப்பாவுக்கு, நல்ல துண்டுகள் பேரப்பிள்ளைகளுக்கு. மூத்தம்மா கடைசியாகச் சட்டியோடு குசினியில் இருப்பா.

மூத்தம்மா மௌத்தாகி மூன்றாம் நாள், பக்கத்து வீட்டில் இருந்து சோறும் மீனும் வந்தது. வழக்கம்போல நடுத்துண்டை அவருக்கு வைத்தோம். கையைக் கழுவிவிட்டு வந்து இருந்தவர், சாப்பிடாமல் கனநேரம் கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு உம்மாவிடம் கேட்டார்: "இவளுக்கு எந்தத் துண்டு விருப்பம்?"

உம்மா பதில் சொல்லவில்லை. மாமி சொல்லவில்லை. அவரைச் சுயநலக்காரர் என்று இப்போது எழுதத்தான் வந்தேன். எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் உறைக்கிறது, அந்த வீட்டில் நானும் இருபது வருடம் மீன் தின்றவன். எனக்கும் தெரியாது.

குளிர்நாட்டுக்காரி:

திருகோணமலையில் பிறந்து கனடாவில் இருக்கிறேன், உளவியல் படித்தவள், அதனால் கொஞ்சம் அலட்டுவேன்.

அமெரிக்காவில் 1976 இல் ஒரு சஞ்சிகைக் கட்டுரை அந்தப் பத்தாண்டுக்கே "நான்" என்று பெயர் வைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிறந்து அப்போது இளைஞராக இருந்தவர்களோடுதான் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 2013 இல் இன்னொரு சஞ்சிகை எங்கள் வயதுக்காரரை "நான் நான் நான் தலைமுறை" என்று அட்டையிலேயே போட்டது. முதலில் ஏச்சு வாங்கிய பலருக்கு நாங்கள் பிள்ளைகள். ஒரு "நான்" மூன்றானதுதான் மிச்சம்.

2024 இல் 51 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். எட்டு வயதில் இருந்து எழுபத்தேழு வரை, 37,000க்கு மேற்பட்ட ஆட்கள். வயது போகப்போகத் தற்பெருமையும் தன்னையே முன்னுக்கு வைக்கிற குணமும் சராசரியாகக் குறைகின்றன. ஆனால் கூட்டாளிகளுக்குள் யாருக்கு அது கூடவோ, அவருக்குப் பெரும்பாலும் பிறகும் கூடத்தான். அந்த ஐயா இருபது வயதில் எங்கே நின்று எதைத் தள்ளினாரோ!

ஆய்வு அப்படிச் சொல்கிறது. என் பெரியம்மா எனக்கு இரவு இரண்டு மணிக்கு வட்ஸ்அப் கோல் எடுக்கிறா. "இங்க பகல்தானே பிள்ளை."

ஓர்ஸ்ஹில் மகள்:

ரீவி சத்தத்தைப் பற்றி முறையிடத்தான் வந்தேன். ஏழு மணிச் செய்தி தொடங்கினால் என் மகன் பாடம் படிக்க முடியாது. அப்பாவுக்குக் காது நல்லாகவே கேட்கும், சத்தம் கூட்டி வைத்தால்தான் செய்தி மாதிரி இருக்கிறதாம். இருக்கிற நல்ல ஃபானும் அவருக்குத்தான். போன கிழமை பொறுக்க முடியாமல், "இந்த வீட்டில் மற்ற ஆட்களும் இருக்கினம் அப்பா" என்று கத்திவிட்டேன்.

அவர் ஒன்றும் பேசாமல் ரீவியை நிற்பாட்டிவிட்டுத் தன் அறைக்குப் போனார். அந்த அறை குசினிக்குப் பின்னால், முன்பு விறகு அடுக்கிவைத்த இடம். எங்கள் பக்கத்து வழக்கம் தெரியும்தானே, வீடு மகளுக்குச் சீதனம். கல்யாணம் முடிந்த மாதமே அம்மாவும் அப்பாவும் தங்கள் கட்டிலைக் கழற்றிக்கொண்டு பின்னுக்குப் போய்விட்டார்கள். முன் அறைச் சுவரில் அந்தக் கட்டில் தேய்த்த கோடு இன்னும் இருக்கிறது. நான் அதற்கு மேல் அலுமாரி வைத்திருக்கிறேன். வீடு என் பெயரில். பதினொரு வருடமாக நான் அதைப் பற்றி ஒருதரம்கூட யோசித்ததில்லை.

ரீவி சத்தம் குறையவில்லை, அது வேறு கதை. மறுநாளே பழையபடி.

உப்புவெளிவாசி:

எல்லோருக்கும் நன்றி. இன்றைக்குத் திரும்பக் கிளினிக் நாள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தமுறை நாலரைக்கே போனோம். பன்னிரண்டாவது இடம். அந்த ஐயாவும் வந்தார், அதே வேட்டி, அதே திருநீறு. நான் கட்டுக்குப் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். என்னைப் பார்த்தார். கட்டைப் பார்த்தார். கடைசியில் போய்க் கொப்பியை வைத்தார். ரீச்சர், உங்களை நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் வீதிக்கு அந்தப் பக்கம் போய் அம்மாவுக்கு ஒரு பிளேன்ரீ வாங்கிக்கொண்டு வந்தேன். ஐந்து நிமிடம்கூட இருக்காது. வந்து எண்ணினால் எங்கள் கொப்பி ஏழாவது.

"அம்மா, ஆர் மாத்தினது?"

"கத்தாத. நீ எட்டரைக்கு வேலைக்குப் போக வேண்டாமோ? போன மாசமும் லீவு வெட்டினவங்கள் எண்டு புறுபுறுத்தனி."

ஏழாவதாக இருந்த கொப்பி ஒரு பெட்டையுடையது. மடியில் அவளுடைய அம்மம்மா சாய்ந்து நித்திரை. அவள் கட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.