கால்நடை நரம்பியல் படித்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். என் மகள் பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவம் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். ஒண்டர்ஸ்டீபூர்ட் வளாகம், 1920-இல் தொடங்கியது, இந்த நாட்டில் கால்நடை மருத்துவராக அந்த ஒரு இடம்தான்.

போன விடுமுறையில் பக்கத்து வீட்டு டாக்ஸண்ட் நாய் திடீரென்று பின்னங்கால் இரண்டையும் இழுத்துக்கொண்டு வந்தது. இவள் அதன் பாதத்தை மடக்கிப் புறங்கால் தரையில் படும்படி வைத்தாள், நரம்பு சரியாக இருந்தால் நாய் உடனே நிமிர்த்திக்கொள்ளுமாம், இது அப்படியே விட்டுவிட்டது. அப்புறம் விரலை அழுத்திக் கிள்ளினாள். திரும்பிப் பார்த்து முனகியது. "வலி தெரியுதும்மா, இன்னும் நேரம் இருக்கு, இன்னைக்கே கொண்டுபோகச் சொல்லுங்க" என்றாள். முதுகெலும்பு வட்டு பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்தியிருக்கிறது. அறுவை சிகிச்சை முடிந்து இப்போது நடக்கிறது, சாமி புண்ணியம்.

அன்றிலிருந்து நரம்பியல்தான் என்று நிற்கிறாள், அதுவும் பல்கலைக்கழகத்திலேயே இருந்து ஆராய்ச்சி செய்யணும், பாடம் எடுக்கணும் என்று. ஆறு வருடப் படிப்பு, ஒரு வருடக் கட்டாய சமூக சேவை, அதன்பிறகு இன்டர்ன்ஷிப், குறைந்தது மூன்று வருட ரெசிடென்சி என்கிற சிறப்பு மருத்துவப் பயிற்சி, நிபுணர் ஆவதற்கான போர்டு தேர்வு. முனைவர் பட்டம் தனி.

இங்கிருந்து ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ ரெசிடென்சிக்குப் போனவர்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்: முனைவர் பட்டத்தை முதலில் முடிப்பது நல்லதா, பிறகா? ரெசிடென்சியில் தரும் சம்பளம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போதுமா? கடன் வாங்குவதென்றால் இப்போதே ஏற்பாடு செய்ய வேண்டும்.