யூரியா படிகத்தில் நான்காவது சுட்டெண்: வழி சொல்லுங்கள்

வணக்கம். யூரியா–நோனாடெகேன் படிகத்தின் எக்ஸ்-கதிர் தரவோடு இரண்டு வாரமாக மல்லுக்கட்டுகிறேன். யூரியா தேன்கூடு மாதிரி சுரங்கங்கள் கட்ட, 19 கார்பன் சங்கிலிகள் உள்ளே வரிசையாக நிற்கின்றன. எவ்வளவு அழகான அமைப்பு!

சுரங்க அச்சில் யூரியாவின் மீள்தூரம் (அமைப்பு திரும்ப வரும் இடைவெளி) 11 ஆங்ஸ்ட்ராம், சங்கிலிக்குச் சுமார் 26. விகிதம் ஏறக்குறைய 0.42, எளிய பின்னத்தில் அடங்காது. அதனால் எக்ஸ்-கதிர் படத்தில் விழும் ஒவ்வொரு புள்ளிக்கும், அதன் இடத்தைக் குறிக்க, வழக்கமான மூன்றுக்குப் பதில் நான்கு சுட்டெண் தேவை. மூன்றாவதும் நான்காவதும் சுழியாகாத மங்கலான துணைப்புள்ளிகள்தான் எனக்கு முக்கியம். யூரியா, சங்கிலி இரண்டின் அணிக்கோவைகளும் (ஒழுங்கான அடுக்கமைப்புகள்) ஒன்றையொன்று அசைப்பதை அவையே காட்டும். அறைவெப்பத் தரவில் அவை கண்ணில் படவே இல்லை.

படிக அமைப்பைக் கணிக்கும் ஜானா2020 மென்பொருளில், இப்படி இரண்டு அமைப்புகள் பின்னிய கூட்டுப் படிகம் செய்தவர்கள் இருக்கிறீர்களா? சங்கிலியின் சுட்டெண்களை யூரியாவின் சுட்டெண்களோடு இணைக்கும் டபிள்யூ அணியில் மூன்றாம், நான்காம் வரிசைகளை இடம் மாற்றினால் போதுமா? அப்புறம், 158 கெல்வினுக்குக் கீழே அறுகோணச் சமச்சீர் குலைகிறதே, மேல்வெளிக் குலத்தை (கூடுதல் பரிமாணத்தையும் சேர்த்த சமச்சீர் வகையை) எங்கிருந்து தேடத் தொடங்குவது?