படைவீரர் நிதிக்காகப் பாராசூட்டில் குதித்தவர்கள் எழுதுங்கள்

பிரிட்டனில் முன்னாள் படைவீரர்களுக்குப் பணம் திரட்ட விமானத்திலிருந்து குதித்தவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? என் அக்கா மகன் வருகிற கோடையில் குதிப்பதாகப் பெயர் கொடுத்துவிட்டான். குதித்தவர்களைக் கேட்டால் எல்லோரும் மேகம், காற்று, கண்ணீர் என்றே சொல்கிறார்கள். எனக்கு வேண்டியது பணக் கணக்கும் உடம்புக் கணக்கும்.

*ஸ்விண்டனிலிருந்து*

நான் கண் மருத்துவப் பிரிவில் வேலை செய்கிறேன். பிளைண்ட் வெட்டரன்ஸ் யூகே அமைப்புக்காக நெதராவன் திடலில் குதித்தேன். முதல் உலகப் போரில் கண்ணிழந்தவர்களுக்காக 1915இல் தொடங்கி, நெடுங்காலம் செயின்ட் டன்ஸ்டன்ஸ் என்ற பெயரில் அறியப்பட்ட அமைப்பு அது. இப்போது பார்வை போரில்தான் போயிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு காலத்தில் படையில் இருந்துவிட்டு, எண்பது வயதில் விழித்திரை பழுதானவருக்கும் கைகொடுக்கிறார்கள். எங்களிடம் வரும் முதியவர்களில் அப்படிப்பட்டவர்கள் உண்டு.

முதலில் பணம். பொதுவாக இரண்டு வழிகள். குதிப்புக்கான கட்டணத்தை நீங்களே கட்டிவிட்டால், ஸ்பான்சர்கள், அதாவது நீங்கள் குதிப்பதற்காகப் பணம் தருபவர்கள், தருவது முழுக்க அமைப்புக்குப் போகும். இல்லையென்றால் ஒரு குறைந்தபட்சத் தொகையைத் திரட்டித் தருவதாக ஒப்புக்கொள்ள வேண்டும். கட்டணத்தை அமைப்பு அதிலிருந்து எடுத்துக் கட்டும். 'இலவசக் குதிப்பு' என்று விளம்பரம் செய்வது இந்த இரண்டாவது வழியைத்தான். இலவசம் உங்களுக்கு, கட்டுவது உங்கள் அலுவலக நண்பர்கள். நான் இந்த வழியில்தான் போனேன். கையில் பணம் இருப்பவர் முதல் வழியில் போவதே நியாயம் என்பது என் கருத்து.

இதில் பலர் கவனிக்காத ஒன்று கிஃப்ட் எய்ட். வருமான வரி கட்டுபவர் ஒரு பவுண்டு கொடுத்தால் அரசு அதன் மேல் 25 பென்ஸ் சேர்த்து அமைப்புக்குத் தருகிறது. ஆனால் உங்கள் கட்டணத்தை அமைப்பு கட்டியிருந்தால் கணவர், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் தரும் பணத்துக்கு அந்த 25 பென்ஸ் கிடைக்காது. இலவசமாகக் குதிப்பதில் உங்களுக்கும் உங்கள் வீட்டாருக்கும் ஆதாயம் இருப்பதாகக் கணக்கு. தமிழ்க் குடும்பத்தில் முதலில் கை நீட்டுவது அந்த வட்டத்திடம்தானே!

என் வீட்டில் கை நீட்டியபோது வேறு பிரச்சினை வந்தது. அம்மா இலங்கைப் போரின்போது 1995 இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்திலிருந்து சாவகச்சேரிக்கு நடந்தே போனவர். "ஆமிக்காரனுக்கா காசு சேர்க்கிறாய்?" என்று கேட்டார். இது அந்த ஆமி இல்லை என்றேன். "எல்லா ஆமியும் ஆமிதான்" என்றார். அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை, இப்போதும் இல்லை. எங்கள் பிரிவுக்கு வரும் ஒரு முதியவரைப் பற்றி, பேத்தியின் முகம் தெரியாமல் குரலை வைத்து வயதைக் கணக்கிடுபவர் என்று, வேறொரு நாள் தற்செயலாகச் சொன்னேன். அந்த வார இறுதியில் கேத்திலுக்கு அடியில் இருபது பவுண்டு நோட்டு இருந்தது. "கண் தெரியாதவருக்குத் தருகிறேன். ஆமிக்கு இல்லை" என்றார். அந்த இருபது பவுண்டுக்கும் கிஃப்ட் எய்ட் கிடையாது.

திடலில் நாள் முழுக்கக் காத்திருப்புத்தான். நெதராவன், சாலிஸ்பரி சமவெளியில் உள்ள பழைய ராணுவ விமானத் திடல்; ராணுவப் பாராசூட் சங்கத்தின் இடம். காலையிலேயே பயிற்சி முடிந்துவிட்டது. பயிற்றுநரின் மார்போடு தோளில் இரண்டு, இடுப்பில் இரண்டு கொக்கிகளால் பிணைத்துவிடுவார்கள். நாம் செய்ய வேண்டியது குறைவு: வாசலில் தலையைப் பின்னால் சாய்த்துக் கால்களை விமானத்தின் அடியில் மடக்க வேண்டும், தோளில் தட்டினால் கைகளை விரிக்க வேண்டும், தரை நெருங்கும்போது கால்களைத் தூக்க வேண்டும். அவ்வளவுதான். பிறகு காற்றுக்காகக் காத்திருந்தோம்.

என் பக்கத்து நாற்காலியில் பார்வையில்லாத ஒரு முதியவர். கட்டாய ராணுவச் சேவைக் காலத்தில் படையில் இருந்தவர். அவரும் அதே அமைப்புக்காகக் குதிக்க வந்திருந்தார். கம்பத்தில் இருந்த, காற்றின் திசை காட்டும் காற்றுப் பை படபடக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார். "தேநீர் குடித்துவிட்டு வாருங்கள், மதியத்துக்கு முன் யாரையும் ஏற்ற மாட்டார்கள்" என்றார். சிறிது நேரத்தில் ஒலிபெருக்கியில் அதே அறிவிப்பு வந்தது. பிற்பகலில் பையின் சத்தம் மாறியபோது அவர்தான் முதலில் எழுந்து கையுறையைத் தேடினார். எனக்கு அந்தச் சத்த வித்தியாசம் கடைசி வரை பிடிபடவில்லை.

சுமார் 12,000 அடியிலிருந்து மணிக்கு 120 மைல் வேகத்தில் விழுவதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. காது அடைத்தது, மூச்சு வாங்கியது, குடை விரிந்ததும் சட்டென்று எல்லாம் அடங்கியது. எல்லோரும் சொல்வதுதான்.

*டண்டீயிலிருந்து, ஓய்வு பெற்ற செவிலி*

தங்கச்சி எழுதியது நன்று. உடம்புக் கணக்கை நான் சொல்கிறேன்.

1990களில் நான் எலும்பு முறிவு வார்டில் இருந்தேன். அப்போது இப்படிப் பயிற்றுநரோடு பிணைத்துக் குதிப்பது குறைவு. பயிற்சி கொடுத்துத் தனியாகவே அனுப்புவார்கள். விமானத்தோடு கட்டிய கயிறு குடையை இழுத்துத் திறக்கும், இறங்குவது அவரவர் சாமர்த்தியம். வெயிலடிக்கும் சனி, ஞாயிறு வந்தாலே எங்களுக்குக் கலக்கம். கணுக்கால், முழங்கால் என்று வந்து படுப்பார்கள். பணம் தர ஒப்புக்கொண்டவர்கள் கையெழுத்திடும் ஸ்பான்சர் தாள் சட்டைப் பையிலேயே இருக்கும். ஒருவர் கட்டுப்போட்ட காலோடு வார்டு மருத்துவரிடமே கையெழுத்துக் கேட்டார், பாருங்கள்!

எங்கள் டேசைடு பகுதியின் ஐந்தாண்டுக் கணக்கை மருத்துவர்கள் எடுத்து 1999இல் 'இஞ்சுரி' இதழில் வெளியிட்டார்கள். அறக்கொடைக்காகக் குதித்தவர்களில் 11 சதவீதம் பேருக்குக் காயம். 7 சதவீதம் பேருக்குக் கடுமையான காயம். ஒருவர் திரட்டிய தொகை சராசரியாக 30 பவுண்டு. திரட்டிய ஒவ்வொரு பவுண்டுக்கும் பொது மருத்துவச் சேவைக்கு 13.75 பவுண்டு செலவு. அறத்துக்குக் குதித்து அரசுக்குச் செலவு வைத்த கதை.

இப்போது தரையிறக்குவது பயிற்றுநரின் பொறுப்பு என்பதால் அந்தக் கணக்கை அப்படியே இன்றைக்குப் பொருத்துவது சரியில்லை. ஆனாலும் கால் தூக்குவதில் அலட்சியம் கூடாது. தரையில் உட்கார்ந்து இரு கால்களையும் நீட்டி உயர்த்திப் பிடிக்க உங்கள் அக்கா மகனைத் தினமும் பழகச் சொல்லுங்கள். தொடை வலுவில்லாதவர் கடைசி நொடியில் காலைத் தொங்கவிடுவார், கணுக்கால் அங்கேதான் மாட்டும். உடல்நலப் படிவத்தில் இருப்பதை மறைக்காமல் எழுதட்டும். எடை வரம்பு மையத்துக்கு மையம் மாறும்; பல இடங்களில் 95 கிலோ அளவில் நிறுத்திவிடுவார்கள்.

*டெவனிலிருந்து*

என் பங்குக்கு ஒரு புலம்பல். எங்கள் பக்கத்து டன்கெஸ்வெல் திடலில் 2017 மே மாதம் வெர்டன் ஹேய்ஸ் குதித்தார். நார்மண்டி தரையிறக்கத்தில் இருந்தவர். அன்று வயது 101 ஆண்டு 38 நாள். 15,000 அடியிலிருந்து, முன்னாள் படைவீரர்களுக்கு உதவும் ராயல் பிரிட்டிஷ் லீஜனுக்காக, குடும்பத்தினரும் கூடவே. அதன் பிறகு நான் அதே லீஜனுக்காக ஸ்பான்சர் தாளை நீட்டியபோது அலுவலகத்தில் கிடைத்த பதில்: "நூறு தாண்டியவர் குதித்துவிட்டார். நாற்பது வயதுக்காரர் குதிக்க நாங்கள் ஏன் பணம் தர வேண்டும்?" பாதிப் பேர் கையை விரித்துவிட்டார்கள். 2024இல் பெக்கிள்ஸில் மனெட் பெய்லி அம்மையார் 102 வயதில் குதித்ததும் இருந்த கொஞ்ச மதிப்பும் போயிற்று.

*வேலூர் பக்கத்திலிருந்து*

நான் இந்திய ராணுவத்தின் பாராசூட் ரெஜிமெண்டில் இருந்து ஓய்வு பெற்றவன். ஆக்ராவில் ஐந்து முறை குதிக்க வேண்டும், அதில் ஒன்று இரவில். அப்போதுதான் சிறகுச் சின்னம். எங்களுக்குச் சம்பளம் கொடுத்துத் தள்ளினார்கள். ரெடிங்கில் இருக்கும் என் மகள் ஊரெல்லாம் பணம் கேட்டுவிட்டுக் குதித்தாள்! காணொளி அனுப்பினாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, இறங்கும்போது கால்களைத்தான் பார்த்தேன். செவிலி அம்மா சொல்வது சரி.

நம் ஊரில் டிசம்பர் 7 கொடி நாளுக்குப் பள்ளியில் உண்டியல் வரும், சிறு கொடி ஒன்று தருவார்கள். பிள்ளைகள் போடுவார்கள், அத்தோடு சரி. எந்த வீரருக்குப் போகிறது என்று யாரும் கேட்பதில்லை. மகள் குதித்தபோது அவள் அலுவலகத்தில் இருபது பேராவது அந்த அமைப்பு என்ன செய்கிறது என்று கேட்டார்களாம். பணம் குறைவோ கூடவோ, எங்களைப் பற்றி அப்படிக் கேட்க ஒரு காரணம் கிடைப்பதை நான் சிறிதாக நினைக்கவில்லை. அம்மாவின் கேள்வியும் நியாயமான கேள்விதான், ஸ்விண்டன் மகளே. சீருடை போட்டவன் அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

*மீண்டும் ஸ்விண்டனிலிருந்து*

நன்றி ஐயா. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அவர் எந்தக் காலத்தில் எங்கே இருந்தவர் என்று கேள்" என்றார். நான் கேட்கப் போவதில்லை.

முதலில் கேட்டவருக்கு ஒன்று விடுபட்டுவிட்டது. குறைந்தபட்சத் தொகை சேராவிட்டால் மீதியை யார் கட்டுவது, வானிலையால் தேதி தள்ளிப்போனால் மறுபடி கட்டணம் உண்டா என்ற இரண்டையும் கையெழுத்துப் போடும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அடுத்த நாளுக்கும் விடுப்பு எடுத்து வைக்கட்டும். எங்களோடு வந்தவர்களில் சிலர் அன்று குதிக்காமலே திரும்பினார்கள்.