ஃபைபர் வேலைக்கு வந்திருக்கும் தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆட்களுக்கு

காவேரிப்பட்டினம் பையன்:
அண்ணா, வணக்கம். கிருஷ்ணகிரியில கிரானைட் பாலிஷ் பட்டறையில இருந்தேன். போன மாசம் ஷார்ஜா வந்து ஒரு ஜி.ஆர்.பி. கம்பெனியில, அதான் கண்ணாடி நூலையும் ரெசின்ங்கற பிசினையும் சேர்த்து ஃபைபர் சாமான் செய்யற இடத்துல, ஹெல்பரா சேர்ந்திருக்கேன். மேட்ங்கற கண்ணாடி நூல் விரிப்பை வெட்டிக் குடுக்கறது, ரோலர் கழுவறது, பக்கெட் தூக்கறது, இதான் வேலை. கழுத்து, கையெல்லாம் அரிப்பு தாங்கல. ரூம்ல கூட இருக்கறவன் டைல்ஸ் வேலைக்குப் போயிடலாம்னு கூப்பிடறான். இதுல நின்னா மேல வர முடியுமா?

பென்னாகரத்துக்காரன்:
தம்பி, அவசரப்பட்டு மாறாதே. கிரானைட்டுல இருந்தவன்னு சொன்னதால கொஞ்சம் நீட்டியே எழுதறேன். நம்ம பக்கத்துப் பசங்க வேற சிலருக்கும் உதவும்.

புது வேலைக்கு வந்துட்டதா நீ நினைக்கிற. பாதி வேலை உனக்கு ஏற்கெனவே தெரியும். ஸ்லாபுக்குப் பின்பக்கம் ஒட்டுவீங்களே வலை, அது கண்ணாடி நூல். விரிசல்ல தடவினது எபாக்சி ரெசின். ரெசினுக்கும் ஹார்டனருக்கும் அளவு தப்பினா என்ன ஆகும்னு நீ கண்ணால பார்த்திருப்ப. அதைவிடப் பெரிசு, பாலிஷ் கல்லை நம்பர் நம்பரா ஏத்தறப்ப முந்தின கீறல் போகாம அடுத்த நம்பருக்குப் போகக் கூடாதுங்கற பொறுமை. ஃபைபர்ல அந்தப் பொறுமைக்குத்தான் சம்பளம். ஆனா இப்ப நீ நிக்கற இடத்துல இல்ல.

ஃபைபர் கம்பெனி எதுவா இருந்தாலும் வேலை மூணா பிரியும். பேட்டர்னும் (மாதிரி உருவம்) மோல்டும் (அச்சு) செய்யறது ஒண்ணு, மோல்டுல மேட்டையும் ரெசினையும் அடுக்கற லேமினேஷன் ஒண்ணு, டிரிம்மிங் ஃபினிஷிங் ஒண்ணு. லேமினேஷன் சீக்கிரம் கைக்கு வந்துடும். அதனாலதான் அங்க ஆள் மாத்தறதும் சுலபம். பேட்டர்ன் ரூம்ல ஒருத்தர் ஊருக்குப் போனா ஆர்டரே நிக்கும். நீ போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான். கஸ்டம் ஃபேப்ரிகேஷன்ங்கறதே அந்த ரூம்தான். மசூதி டோம், ஹோட்டல் முகப்பு, படகு மூடி, பார்க்குல வைக்கற யானை, எது வந்தாலும் முதல்ல ஒருத்தன் அதை மரத்துலயோ ஃபோம்லயோ செஞ்சாகணும். அதைத் தேய்ச்சுப் பளபளப்பாக்கி, அதுமேல மோல்டு எடுக்கணும். பேட்டர்ன்ல ஒரு கீறல் இருந்தா மோல்டுல இருக்கும், மோல்டுல இருந்தா வர்ற ஒவ்வொரு பீஸ்லயும் இருக்கும். 80 நம்பர் பேப்பர்ல ஆரம்பிச்சு 1200 வரைக்கும் போய், பஃப் அடிச்சு, வாக்ஸ் பல கோட் போடற வேலைக்கு பாலிஷ் பட்டறைக்காரனைவிட யாரு லாயக்கு?

ஃபோர்மேன்கிட்ட போய் 'என்னைப் பேட்டர்னுக்கு மாத்துங்க'ன்னு இப்பவே கேட்காதே. யாரும் மாத்த மாட்டாங்க. ஓவர்டைம் இருக்கற நாள்ல மோல்டு தேய்க்க ஆள் தேவைப்பட்டா நீயா போய் நில்லு. அங்க ரெண்டு விஷயத்தைக் கவனி. ஒண்ணு, பீஸ் மோல்டுலேருந்து கழண்டு வர்றதுக்காக சுவர்களைக் கொஞ்சம் சாய்வா வச்சிருப்பாங்க. நேர்க்குத்தா இருந்தாலோ உள்பக்கம் மடங்கியிருந்தாலோ பீஸ் சிக்கிக்கும், அப்ப மோல்டை ரெண்டா மூணா பிரிச்சு போல்ட் போடணும். எங்க பிரிக்கறதுன்னு முடிவு பண்றவனுக்குத்தான் அந்த ரூம்ல மரியாதை. ரெண்டு, மூலைகளை உருட்டி விட்டிருப்பாங்க. கூர் மூலையில மேட் படியாது, அடியில காத்து நிக்கும், பின்னாடி ஜெல்கோட்ங்கற மேல்பூச்சு உடைஞ்சு ஓட்டை தெரியும்.

இன்னொண்ணு, தெர்மாகோல்ல உருவம் செதுக்கி அதுமேல நேரா பாலியெஸ்டர் ரெசின் அடிச்சா, ரெசின்ல இருக்கற ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைச்சுடும். எபாக்சி கோட் கொடுத்துட்டுத்தான் மேல போகணும், இல்லேன்னா பி.யூ. ஃபோம் எடுக்கணும். புதுசா வந்த எல்லாருக்கும் யாராவது ஒருத்தர் இதை விளையாட்டா செஞ்சு காட்டுவாங்க.

கணக்கைப் பழகு. மத்த ஹெல்பருங்க பண்ணாதது இது. சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஒரு அடுக்கு போட்டா ஏறக்குறைய 1 மி.மீ. கனம் வரும். கையால போடறப்ப மேட் எடையைப் போல ரெண்டேகால் மடங்கு ரெசின் பிடிக்கும். 4 சதுர மீட்டர் பீஸ், 3 மி.மீ. கனம்னு வை. மூணு அடுக்கு மேட், 5.4 கிலோ. ரெசின் 12 கிலோவுக்குக் கொஞ்சம் மேல. ஜெல்கோட் அரை மி.மீ.க்கு ரெண்டு, ரெண்டரை கிலோ. சேதாரம் பத்து சதவீதம் சேர்த்துக்கோ. இதை மனசுலயே போட்டு, ஸ்டோர்லேருந்து எவ்வளவு எடுத்துட்டு வரணும்னு நீயே சொல்லிப் பாரு. ஒரு மாசத்துல உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க.

காவேரிப்பட்டினம் பையன்:
நன்றிண்ணா. ரெசினைக் கெட்டியாக்க ஊத்தற கேட்டலிஸ்ட்டை என்னைத் தொட விடமாட்டேங்கறாங்க. வெயில்ல ரெசின் பக்கெட்டுலயே கட்டியாயிடுது, என்மேல கத்தறாங்க.

பென்னாகரத்துக்காரன்:
தொட விடாதது நல்லதுக்குத்தான். அந்தத் தண்ணி மாதிரி இருக்கற கேட்டலிஸ்ட் கண்ணுல ஒரு சொட்டுப் பட்டாலும் பார்வை போகலாம். கண்ணாடி போடாம அந்த கேன் பக்கமே போகாதே. பட்டுட்டா கால் மணி நேரமாவது ஓடற தண்ணியில கண்ணைத் திறந்து வச்சுக் கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரி. அப்புறம், கெட்டியாகறதை வேகப்படுத்தற கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் கேட்டலிஸ்டையும் எந்தக் காரணத்துக்கும் நேரடியா ஒண்ணோட ஒண்ணு கலக்கக் கூடாது, வெடிக்கும். கோபால்ட்டை ரெசின்ல போட்டு நல்லா கலக்கி முடிச்ச பிறகுதான் கேட்டலிஸ்ட். இப்ப நிறைய ரெசின் கோபால்ட் கலந்தே வருது. கேன் மேல என்ன எழுதியிருக்குன்னு பார்க்காம யாராவது மறுபடியும் ஊத்தினா தடுத்துடு.

வெயிலுக்கு வர்றேன். கேட்டலிஸ்ட் அளவு ரெசின் எடையில 1-லேருந்து 2 சதவீதம். 10 கிலோவுக்கு 100 கிராம்னா 1 சதவீதம். சூடு அதிகம்னு சொல்லி அதை அரை சதவீதத்துக்கு இறக்கறவங்க இருக்காங்க. அது தப்பு. பீஸ் கெட்டியான மாதிரித் தெரியும், உள்ள முழுசா வேகாது, பின்னாடி வளையும், மேல் கோட் சுருங்கும். 1-க்குக் கீழ போகாம வேற வழி பார்க்கணும். சின்னச் சின்னதா கலக்கு. ஆழமான பக்கெட்டுல வைக்காம அகலமான டிரேயில ஊத்து, குமிஞ்சு கிடந்தாத்தான் சூடு ஏறும். டிரம்மை வெயில்ல நிறுத்தாதே. நுங்கு பதம் வந்துடுச்சுன்னா பிரஷ்ஷைத் தூக்கிடு, அதுக்குமேல தடவறது மேட்டை இழுத்துக் கெடுக்கத்தான். ஆனா அதே பதத்துலதான் ஓரத்தைக் கத்தியில வெட்டறது சுலபம். மீந்த ரெசின் புகையறதைப் பார்த்திருப்ப, அதை ஷெட்டுக்கு வெளிய தனியா வை, குப்பைத் தொட்டியில போடாதே. தீப்பிடிக்கறது பெரும்பாலும் அங்கேருந்துதான்.

பாலக்கோடு அக்கா:
தம்பி, நாங்க மஸ்கட். வீட்டுக்காரர் படகுப் பட்டறையில இருக்கார். அவர் துணியையும் எங்க துணியையும் ஒண்ணா மெஷின்ல போடறேன். சின்னவளுக்கு உடம்பெல்லாம் சிவந்து போகுது. இதனாலயா இருக்குமா?

பென்னாகரத்துக்காரன்:
இருக்கலாங்க்கா. கண்ணாடித் தூள் மத்த துணிக்கு ஒட்டும். அவர் துணியைப் பட்டறையிலயே கழட்டி, தனிக் கவர்ல கொண்டு வரச் சொல்லுங்க. தனியா துவைச்சு, அடுத்தாப்ல மெஷினை ஒரு தடவை வெறும் தண்ணியில ஓட்டிடுங்க. குழந்தைக்கு அப்பவும் குறையலேன்னா டாக்டர்கிட்ட காட்டி, வீட்டுல ஃபைபர் துணி இருக்குன்னு சொல்லிடுங்க.

தம்பி, உனக்கும் இதே. வேலை முடிஞ்சதும் பச்சைத் தண்ணியை ஊத்திக் கழுவு, தேய்க்காதே. தேய்ச்சா உள்ள குத்தும். கையை அசிட்டோன்ல கழுவற பழக்கம் எல்லா ஷெட்டுலயும் உண்டு, தோல்ல இருக்கற எண்ணெய்ப் பசையை எடுத்துட்டு வெடிக்க விட்டுடும். முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுல டேப். அரிப்பு கொஞ்ச நாள்ல பழகிடும். பழகக் கூடாதது அந்த வாசனை.

ஊர்ல கல்லுத் தூசிக்குப் பயந்தோம். இந்த நூல் தூசி அந்த சிலிக்கா அளவுக்கு இல்ல. இங்க பார்க்க வேண்டியது ஸ்டைரீன். கொஞ்ச நேரத்துல மூக்குக்கு மரத்துப் போயிடும், வாசனை போயிடுச்சுன்னு நினைப்ப, காத்துல அப்படியேதான் இருக்கும். தலைவலி, கிறுகிறுப்பு, கண்ணெரிச்சல் வந்தா அதுதான். புற்றுநோய் ஆராய்ச்சிக்கான பன்னாட்டு முகமை 2018-ல அதைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள்கள்ல ஒரு படி மேல ஏத்தி வச்சிருக்கு. துணி மாஸ்க், தூசி மாஸ்க் ரெண்டும் ஸ்டைரீனை நிறுத்தாது. கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் வச்ச ரப்பர் மாஸ்க் கேளு. ஐரோப்பிய கார்ட்ரிட்ஜ்னா பழுப்புக் கோடு, அமெரிக்கன்னா கறுப்பு. கம்பெனி தரலேன்னா முதல் சம்பளத்துல நீயே வாங்கிடு. இதுல மட்டும் சிக்கனம் வேண்டாம்.

அரூர்க்காரன், இங்கிலாந்து:
மாஸ்க் பத்தி ஒண்ணு சேர்க்கறேன். வீட்டம்மா நர்ஸ், நான் டிபெண்டன்ட் விசாவுல ஹல்ங்கற ஊர்ல ஒரு சின்னப் படகுப் பட்டறையில இருக்கேன். இங்க மாஸ்க் கொடுக்கறதுக்கு முன்னாடி முகத்துக்குச் சரியா பொருந்துதான்னு டெஸ்ட் எடுப்பாங்க. தாடி இருந்தா டெஸ்ட்டே கிடையாது, சவரம் பண்ணிட்டு வரச் சொல்லுவாங்க, ஏன்னா தாடி வழியா காத்து உள்ள போயிடும். ஸ்டைரீன் அளவுக்கு ஒவ்வொரு நாட்டுலயும் ஒரு வரம்பு. எட்டு மணி நேரச் சராசரி இங்க 100 பி.பி.எம். (காத்துல பத்து லட்சத்துல 100 பங்கு), ஜெர்மனியில 20.

இந்த ஊர்ல காற்றாலை இறக்கை செய்யற பெரிய ஃபேக்டரி 2016-லேருந்து ஓடுது. அந்த மாதிரி இடத்துல கை ரோலர் வேலை குறைவு. துணியைக் காய வச்சபடியே அடுக்கி, பிளாஸ்டிக் உறை மூடி, வேக்குவம் இழுத்து ரெசினை உள்ள விடுவாங்க. தம்பி, உங்க கம்பெனியில வேக்குவம் வேலை நடந்தா ஒட்டிக்கோ. அடுத்த நாட்டுக்கு அப்ளை பண்றப்ப அதுதான் பேசும். அங்க எபாக்சி அதிகம், வாசனை கம்மி, ஆனா வெறுங்கையால தொட்டுத் தொட்டு ஒரு நாள் அலர்ஜி வந்துட்டா வாழ்நாள் முழுக்கப் போகாது. எங்ககூட இருந்த ஒருத்தர் அதனாலயே இந்தத் தொழிலை விட்டார்.

பென்னாகரத்துக்காரன்:
அரூர்க்காரர் சொன்னதை அப்படியே எடுத்துக்கோ.

இனி பேப்பர் விஷயம். கான்ட்ராக்ட்ல உன் வேலையை 'ஹெல்பர்'னு போட்டிருப்பாங்க. புதுப்பிக்கற சமயத்துல 'ஜி.ஆர்.பி. லேமினேட்டர்'னு மாத்தச் சொல்லிக் கேளு, சம்பளம் அதேதான்னாலும் பரவால்ல. அனுபவக் கடிதத்துல என்னென்ன முறையில வேலை பார்த்தன்னு ஒவ்வொண்ணா எழுதி வாங்கு: ஹேண்ட் லேஅப் (கையால அடுக்கறது), ஸ்ப்ரே, வேக்குவம், மோல்டு. 'நல்ல பையன், ஒழுங்கா வந்தான்'னு எழுதின கடிதத்தை ஆஸ்திரேலியாக்காரன் என்ன பண்ணுவான்?

அமீரகச் சட்டப்படி ஆள் எடுக்கற செலவு முதலாளியோடது, பாஸ்போர்ட்டை அவங்க பிடிச்சு வைக்கக் கூடாது. ஜூன் 15-லேருந்து செப்டம்பர் 15 வரைக்கும் மதியம் 12.30-லேருந்து 3 மணி வரை திறந்த வெளியில வெயில்ல வேலை வாங்கக் கூடாது. ஷெட்டுக்குள்ள அது பொருந்தாது, நம்ம வேலை பாதி ஷெட்டுக்குள்ளதான், அதனால தண்ணியை நீதான் பார்த்துக்கணும். விசிட் விசாவுல யாராவது வேலைக்குக் கூப்பிட்டா, அவன் ஓசூர்க்காரனா இருந்தாலும் போகாதே.

ஊர்ல தம்பி, மச்சான் யாராவது கிளம்பறதா இருந்தா, ஏஜென்ட் அரசுல பதிவு பண்ணினவரான்னு இ-மைக்ரேட் தளத்துல பார்க்கச் சொல்லு. அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். நம்ம பக்கத்துல லட்சக்கணக்குல கேட்கறாங்க, நிலத்தை அடமானம் வச்சுக் கொடுக்கறாங்க. பத்தாவது பாஸ் பண்ணாதவங்க இந்த மாதிரி நாட்டுக்கு வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி குடியகல்வு அனுமதி வாங்கணும். கூடவே பிரவாசி பாரதிய பீமா காப்பீடும் எடுக்கணும். ரெண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், விபத்துல உயிர் போனா 10 லட்சம்.

காவேரிப்பட்டினம் பையன்:
அண்ணா, பக்கத்து ஷெட்டுல ஆள் எடுக்கறாங்களாம், என்ட்ரி லேமினேட்டருக்கு டிரேட் டெஸ்ட் உண்டாம். இப்ப இல்லேன்னாலும் அப்புறமா போக. என்ன கேட்பாங்க?

பென்னாகரத்துக்காரன்:
முதல்ல உன் கான்ட்ராக்ட்ல விலகறதுக்கு எத்தனை நாள் நோட்டீஸ்னு பாரு. சொல்லாம கொள்ளாமப் போனா பழைய கம்பெனி ஆப்ஸ்காண்ட், அதான் ஓடிப்போயிட்டான்னு புகார், போட்டுடும்.

டெஸ்ட்டுக்கு ஒரு சின்ன மோல்டு கொடுப்பாங்க, நாலு மூலையும் ஒரு மேடும் இருக்கும். வாக்ஸ் போட்டு, காயவிட்டுத் துடைக்கறியா, ஈரத்தோடயே போறியான்னு பார்ப்பாங்க. ஜெல்கோட் அடிச்சதும் மேட்டைத் தூக்காதே. ஓரத்துல விரலால தொட்டுப் பாரு, ஒட்டணும், ஆனா விரல்ல வரக் கூடாது. அப்பதான் மேட். மேட்டைக் கத்தரியில நேரா வெட்டாம கையால கிழிச்சா ஓரம் நல்லாப் படியும். ரெசினை முதல்ல அடியில தடவு, அப்புறம் மேட், மேல ரோலர். நடுவுலேருந்து வெளிப்பக்கமா உருட்டு, வெள்ளையா எங்க தெரிஞ்சாலும் அங்க காத்து நிக்குது. கேட்டலிஸ்ட்டைக் கண் மதிப்புல ஊத்தாதே, தராசு கேளு. இல்லேன்னு சொன்னா அளவு பாட்டில் கேளு. கேட்கறதே பாதி மார்க். முடிஞ்சதும் ரோலரைக் கழுவி வச்சுட்டுத்தான் கையுறையைக் கழட்டணும்.