கட்டியக்காரன் இங்கிலீஷில் பேசலாமா?

மேடைக்காரி, சாட்ஸ்வொர்த்:
வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பனில் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு சின்ன நாடகக் குழு நடத்துகிறோம். எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள், ஒத்திகை ராத்திரியில்தான். போன வருஷம் நாலு நாடகம் போட்டோம். நம் ஜனங்கள் வாழ்கிற சாட்ஸ்வொர்த்தில் நடக்கும் வீட்டுச் சண்டையை வைத்து ஒரு இங்கிலீஷ் காமெடி, கரும்புத் தோட்டத்து பேரக்ஸ் (தொழிலாளர் வரிசை வீடுகள்) வாழ்க்கையைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒன்று, ஜூலு நண்பர்களோடு சேர்ந்து ஒரு சிறுவர் கதை, அப்புறம் கோயில் திருவிழாவில் விடிய விடிய 'அர்ச்சுனன் தபசு' கூத்து. இந்த வருஷம் மூன்றுக்குத்தான் பணம் இருக்கிறது. கூத்தை நிறுத்திவிடலாம் என்கிறார்கள் பாதிப் பேர். போடுவதானால், ராஜாவைக் கேள்வி கேட்டு ஜனங்களைச் சிரிக்கவைக்கிற கட்டியக்காரனாவது இங்கிலீஷில் பேசட்டும் என்கிறார்கள் மீதிப் பேர். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

ஆறடிக்காரன், மவுண்ட் எட்ஜ்கம்ப்:
கூத்தை நிறுத்தினால் அது வேறு குழு, தங்கச்சி. 1860இலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலியாக இங்கே வந்தது ஒன்றரை லட்சம் பேர். அதில் பெரும்பாலோர் மதராஸில் கப்பல் ஏறியவர்கள். எழுதப் படிக்கத் தெரியாத அந்த ஜனங்களுக்கு மகாபாரதத்தைச் சொல்லிக்கொடுத்தது கூத்துதான். 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று இந்த ஊர் அதற்குத் தனிப்பெயரே வைத்திருக்கிறது. என் தாத்தா டர்பன் முனிசிபாலிட்டித் தொழிலாளர்கள் குடியிருந்த மேகசின் பேரக்ஸில் இருந்தவர், பகலில் முனிசிபாலிட்டி வேலை, ராத்திரி துரியோதனன் வேஷம். அங்கிருந்து நிறவெறி அரசு சாட்ஸ்வொர்த்துக்குத் துரத்தியபோது அவர் கட்டில் மெத்தையை விட்டுவிட்டு கிரீடத்தையும் புஜக்கட்டையையும்தான் முதலில் வண்டியில் ஏற்றினாராம். காமெடியை எவரும் போடலாம். கூத்து போட எத்தனை பேர் மிச்சம்?

பீனிக்ஸ் தம்பி:
அண்ணே, மரியாதையோடு சொல்கிறேன். என் அம்மாவுக்குத் தமிழ் புரியாது, எனக்கும் கொஞ்சம்தான். போன வருஷக் கூத்தில் அம்மா பத்து மணிக்கே தூங்கிவிட்டார். அதே குழுவின் காமெடியில் அடுப்படிச் சண்டை வந்ததும் சிரித்துச் சிரித்து அழுதார். தான் பேசுகிற பேச்சை மேடையில் கேட்டது அவருக்கு அதுதான் முதல் தடவை. மவுண்ட் எட்ஜ்கம்ப் ஹோட்டல் பாரில் நடக்கிற கதையை ரோனி கவெண்டர் 1970களில் நாடகமாக்கி, நம் தெரு இங்கிலீஷை அப்படியே மேடையேற்றினார். ஐம்பது வருஷமாகிறது. அதுவும் நம் சொத்துதானே? உங்கள் ஆட்டக்காரர்களே பாட்டை இங்கிலீஷ் எழுத்தில் எழுதி வைத்துத்தான் மனப்பாடம் செய்கிறார்கள். பாதிப் பேருக்கு அர்த்தம் தெரியாது. அர்த்தம் தெரியாமல் பாடுவதை மட்டும் தமிழ் என்று எப்படிச் சொல்வது?

ஆறடிக்காரன், மவுண்ட் எட்ஜ்கம்ப்:
தம்பி, நீ சொன்னது உண்மை, வலிக்கிறது. நானே அப்படிப் படித்தவன்தான். பாட்டு முதலில் வாயில் ஏறியது, அர்த்தம் எனக்கு நாற்பது வயதில்தான் கிடைத்தது. வாயில் இல்லாதிருந்தால் அது வந்து உட்கார இடமே இருந்திருக்காது. கவெண்டர் நாடகத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை, அதில் தொழிலாளியின் மானம் இருந்தது. இப்போது வருகிற காமெடிகளில் பாதி, ஓர் ஆம்பிளை புடவை கட்டிக்கொண்டு தமிழ் ஆன்ட்டி மாதிரிக் கத்துவதுதான். நம் ஆயாக்களை, பாட்டிகளைக் காட்டிச் சிரிப்பு வாங்கி அந்தக் காசில் கூத்து போடுவது எனக்குச் சம்மதமில்லை.

மேடைக்காரி, சாட்ஸ்வொர்த்:
அண்ணே, எங்கள் காமெடியில் ஆயாதான் கதாநாயகி. ஒரு பெண்தான் நடிக்கிறாள், நானே. வந்து பாருங்கள். அந்த டிக்கெட் காசு இல்லாவிட்டால் மிருதங்கக்காரருக்குப் பெட்ரோல் போடக்கூட முடியாது.

ஒரு விஷயம் சொல்கிறேன். லோட் ஷெடிங் (மின்வெட்டு) மோசமாக இருந்த வருஷம் காமெடி நடுவில் கரண்ட் போய்விட்டது. மைக் இல்லை, லைட் இல்லை, பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். அதே மாதம் கூத்திலும் கரண்ட் போனது. பின்பாட்டுக்காரர்கள் ஒரு நொடிகூட நிறுத்தவில்லை. ஜனங்கள் போன் லைட்டைப் பிடித்தார்கள், அந்த வெளிச்சத்தில் அர்ச்சுனன் கிறுகிறுவென்று சுற்றினான். என் உடம்பு சிலிர்த்துவிட்டது. அதனால்தான் நிறுத்த மனசு வரவில்லை.

மேரிட்ஸ்பர்க் டீச்சர்:
நான் வேறு பக்கம் நிற்கிறேன். கூத்தோ காமெடியோ, எதை வேண்டுமானாலும் குறையுங்கள், பள்ளி நாடகத்தில் கை வைக்காதீர்கள். அது எங்கள் பள்ளிக்கு வந்தபோது ஒரு ஜூலுப் பையன், "இவர்களுக்கும் பாஸ் (அனுமதிச் சீட்டு) இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போக முடியாதா?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்காகவே அதைப் பத்து வருஷம் போடலாம். பணத்துக்கு அரசு மானியம் கேளுங்கள். 1996 அரசியல் சட்டத்தின் ஆறாம் பிரிவிலேயே, வளர்க்கவும் மதிக்கவும் வேண்டிய மொழிகளில் தமிழ் பெயரோடு இருக்கிறது.

பீனிக்ஸ் தம்பி:
சட்டத்தில் இருக்கிறது டீச்சர், ஹால் வாடகைக்கு அது வராதே. விண்ணப்பம் எழுதிக் காத்திருப்பதற்குள் இந்த வருஷம் முடிந்துவிடும். கட்டியக்காரன் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

மேரிட்ஸ்பர்க் டீச்சர்:
நான் சொல்கிறேன். ராஜா திரைக்குப் பின்னால் நின்று பாடுகிறார். "யார் நீங்கள், எந்த ஊர்?" என்று கேட்பது கட்டியக்காரன். பார்க்கிறவர்கள் சார்பில் நிற்கிற ஆள் அவன் ஒருவன்தான். தமிழ்நாட்டுக் கூத்திலும் அவன் அந்தந்த ஊர் நடப்பைத்தான் பேசுகிறான், அந்தந்த ஊர்ப் பேச்சில்தான் பேசுகிறான். அப்படியென்றால் டர்பனில் அவன் டர்பன் பேச்சைத்தானே பேச வேண்டும்? அவன் இங்கிலீஷில் பேசுவது கூத்தின் முறைக்கு உட்பட்டதுதான்.

ஆறடிக்காரன், மவுண்ட் எட்ஜ்கம்ப்:
இதை இரண்டு நாள் யோசித்தேன், டீச்சரம்மா. கேள்வியை அவன் இங்கிலீஷில் கேட்கட்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ராஜா தமிழில்தான் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு அடியும் பாடி முடித்ததும் அவன் அதை மொழிபெயர்த்துக்கொண்டு நின்றால் ஆட்டம் செத்துவிடும், வகுப்பு மாதிரி ஆகிவிடும். கேள்வியிலிருந்தே கதை புரியும்படி எழுதுங்கள். தம்பியின் அம்மா பத்து மணிக்குத் தூங்காமல் இருக்க அது போதும் என்று நினைக்கிறேன்.

காமெடிக் காசு விஷயத்தில் என் மனசு மாறவில்லை. உங்கள் ஆயாவை வந்து பார்த்த பிறகு பேசுகிறேன்.

பீனிக்ஸ் தம்பி:
அப்படியானால் கட்டியக்காரன் வசனத்தை நான் எழுதுகிறேன், அக்கா. ராஜாவின் பாட்டுக்கு மட்டும் யாராவது எனக்கு அர்த்தம் சொல்லுங்கள்.

ஆறடிக்காரன், மவுண்ட் எட்ஜ்கம்ப்:
தாத்தாவின் நோட்டு என்னிடம் இருக்கிறது. 'அர்ச்சுனன் தபசு' முழுசும் தமிழ் எழுத்தில், நடுவில் நாலு பக்கம் எலி தின்றது போக. சனிக்கிழமை ஒத்திகைக்குக் கொண்டு வருகிறேன். போட்டோ எடுத்துக்கொள், நோட்டைக் கொடுக்க மாட்டேன்.